நத்தைக்கு ஒரு பொறுப்பாளர்

நத்தையிடம் யாரும் பாதுகாவலர் கையெழுத்து வாங்கிவரச் சொல்வதில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். வீட்டை முதுகில் தூக்கிக்கொண்டு அது பாட்டுக்குப் போகிறது. வழியில் எவரும் நிறுத்தி, உனக்கு யார் பொறுப்பு என்று கேட்பதில்லை. அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு அப்பா கையெழுத்து, கல்லூரி விடுதிக்கு அண்ணன் கையெழுத்து, வங்கிக் கணக்குக்குக் கணவர் கையெழுத்து, முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டியின் கையெழுத்து. இனி ஒருத்தர் முன்னாலும் பேனாவை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டாம் என்றுதான் எட்டு வருடத்துக்கு முன்பு கல்லூரி வேலையை விட்டுவிட்டு இந்த இரண்டு அறைகளைப் பிடித்தாள்.

ஆய்வுக்கு நிதி கேட்டதற்கு வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று அனுப்பிய கடிதம் மேசைமேல் கிடந்தது; மறுபடியும் அதையே கேட்டது.

"என்ன மேடம், கொடுக்கறாங்களா இல்லையா?" என்றார் கணக்கர்.

"கொடுக்கறாங்க. ஆனா நமக்கு இல்ல."

கணக்கர் கடிதத்தை வாங்கிப் படித்தார். வாரத்தில் மூன்று நாள் வருபவர். கெட்ட செய்தி என்றால் முகம் மலர்ந்துவிடும்; தான் முன்பே சொன்னதாகச் சொல்லிக்கொள்ள ஒரு வாய்ப்பு.

"நான்தான் சொன்னேனே. அந்த அறக்கட்டளை அவங்க ஊர்ல பதிவான சங்கத்துக்குத்தான் கொடுக்குமாம். நாம வெளிநாடு."

"நாம எங்க வெளிநாடு? நாம இங்கதானே இருக்கோம்," என்றார் அவள் கணவர். காப்பீட்டு நிறுவனத்தில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். சம்பளமில்லாமல் ஆய்வகத்துக்கு வந்துபோவார். அதற்கு ஈடாக அவருக்கு ஒரு ரப்பர் முத்திரை தரப்பட்டிருந்தது.

"அவங்களுக்கு நாமதான் சார் வெளிநாடு. அதனால அங்க பதிவான சங்கம் ஒண்ணைப் பிடிக்கணும். அது முன்னால வந்து, இந்தத் திட்டத்துக்கு நான் பொறுப்புன்னு சொல்லணும். பணம் அதுக்குப் போகும். நூத்துக்கு ஏழு பிடிச்சுக்கிட்டு மீதியை நமக்கு அனுப்பும். நாம என்ன பண்ணோம்னு அதுக்கு எழுதணும், அது அறக்கட்டளைக்கு எழுதும். எத்தனையோ ஆராய்ச்சிக்காரங்க இப்படித்தான் வாங்கறாங்க. இல்லேன்னா நம்மள மாதிரி ரெண்டு ரூம் ஆளுங்க கடல் தாண்டி யார்கிட்டப் போய் நிக்கறது?"

"அதாவது தத்து."

"வாடகைத் தத்துன்னு வெச்சுக்குங்க சார்."

கீழே பல் மருத்துவமனையில் துளைப்பான் ஓடத் தொடங்கியது. தரை லேசாக அதிர்ந்தது. சன்னலோரத் தட்டில், ஈரச் சாக்கின் மேல் விழித்திருந்த இரண்டொரு நத்தைகள் கொம்பை உள்ளே இழுத்துக்கொண்டன. மற்றவை ஓட்டின் வாயைக் காகிதம் போன்ற சவ்வால் மூடி ஒட்டிக்கொண்டு கோடைத் தூக்கத்தில் இருந்தன. அவற்றில் ஒன்றின் முதுகில் சிவப்பு நகப்பூச்சில் 47 என்று எழுதியிருந்தது.

நீரேற்று நிலையத்துக்குப் பின்னால் பாசி பிடித்த பழைய சுவர் ஒன்று உண்டு. ஒவ்வொரு மழைக்காலமும் அவள் அந்தச் சுவரில் குடியிருக்கும் நத்தைகளுக்கு எண் போட்டு, இருபது மீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவாள். எது வீடு திரும்புகிறது, எந்த வழியில், எத்தனை நாளில் என்று குறித்துக்கொள்வாள். தெருவில் அவளுக்கு நத்தை மேடம் என்று பெயர். எட்டு வருடக் குறிப்புகள் இரும்பு அலமாரியில் இருந்தன. ஒன்பதாம் வருடம் முதல் மழையோடு தொடங்க வேண்டும். ஒரு வருடம் விட்டுப்போனால் இழை அறுந்துவிடும். எட்டு வருடமும் வெறும் பொழுதுபோக்கு என்று ஆகிவிடும். ஆள் வைக்கவும் அறைக்கும் கையில் ஒன்றுமில்லை. மழைக்கு ஆறு வாரம் இருந்தது.

"எழுதுங்க," என்றாள் கணவரிடம். அதற்காகவே காத்திருந்தவர்போல அவர் முத்திரையை எடுத்தார்.

நாற்பத்தோரு சங்கங்களுக்கு எழுதினார். பாதிப்பேர் பதிலே போடவில்லை. சிலர் நீங்கள் மிகச் சிறியவர்கள் என்றார்கள். ஒரு சங்கம், இவர்களே தங்களுக்கு ஒரு பொறுப்பாளரைத் தேடித் தர முடியுமா என்று கேட்டிருந்தது. கடைசியில் ஒரே ஒரு கடிதம் அன்பாக வந்தது. மேலே ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கின் படம். நீர்ப்பறவை நலச் சங்கம், தோற்றம் நாற்பது ஆண்டுகளுக்கு முன்.

'தங்கள் திட்டத்தை எங்கள் நிர்வாகக் குழு ஒரே மூச்சில் படித்தது. பொறுப்பேற்க விரும்புகிறோம். எங்கள் விதியின்படி, நாங்கள் பொறுப்பேற்கும் திட்டம் எங்கள் சங்கத்தின் நோக்கத்துக்குள் அடங்க வேண்டும். எனவே ஒரே ஒரு கேள்வி: தங்கள் திட்டத்தில் பறவை எங்கே? பின்குறிப்பு: 47 மூன்றாம் முறையும் வீடு திரும்பியதா என்று எங்கள் பொருளாளர் கேட்கச் சொன்னார்.'

"பொருளாளருக்கு என்ன வந்துச்சு?" என்றார் கணக்கர். "நத்தை வீடு திரும்பலேன்னா நூத்துக்கு எட்டு கேப்பாரோ?"

அவளுக்கு அந்தப் பின்குறிப்பைப் படித்ததும் நெஞ்சுக்குள் எதுவோ அசைந்தது. அது என்னவென்று பார்ப்பதற்குள் கணவர் பறவையைத் தேடத் தொடங்கிவிட்டார்.

பறவையைக் கண்டுபிடித்துத் தந்தது கீழ்த்தளத்துப் பல் டாக்டர். சங்கத்தின் ஒப்பந்தப்படி திட்டத்துக்கு மூன்று பேர் கொண்ட ஆலோசனைக் குழு வேண்டும். கணவர், கணக்கர், பல் டாக்டர் என்று மூன்று பேரைப் போட்டாயிற்று. டாக்டர் இரண்டு நோயாளிகளுக்கு நடுவே முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு மாடிக்கு வந்தாள். நோயாளி கீழே வாயைத் திறந்தபடி இருந்தார்.

"இதுல என்னக்கா யோசனை? நத்தையைத் திங்கற பறவைங்க இருக்குல்ல? ஒரு பத்தி சேர்த்துடுங்க. பறவைக்கு சாப்பாடு வேணும்னா நத்தை வேணும். முடிஞ்சுது."

சேர்த்தார்கள். சங்கம் மகிழ்ந்தது. ஆனால் பத்து நாளில் அறக்கட்டளையின் அறநெறிக் குழுவிடமிருந்து கேள்வி வந்தது: எண் இட்டு வளர்க்கப்படும் நத்தைகளைப் பறவைகளுக்கு உணவாக இடுவது தங்கள் நோக்கமா? ஆம் எனில் வருந்துகிறோம்.

"நான்தான் சொன்னேனே," என்றார் கணக்கர்.

"நீங்க எப்பச் சொன்னீங்க?"

"மனசுக்குள்ள சொன்னேன் மேடம்."

கணவர் ஒரு முழு இரவு தூங்காமல், காலையில் தெளிந்த முகத்தோடு எழுந்து வந்தார். தின்னும் பறவை வேண்டாம். தின்னாத பறவையைப் போடலாம். திட்டத்தின் தலைப்பு அன்றே மாறியது: 'நத்தைகளைத் தின்னாத பறவைகள் வாழும் மரங்களின் அருகில் உள்ள சுவருக்கு நத்தைகள் வீடு திரும்புதல்.' அதைச் சொல்லி முடிப்பதற்குள் கணக்கர் இரண்டு முறை மூச்சு வாங்கினார்.

முதல் காணொளி அழைப்பு அதற்குப் பிறகுதான். திரையில் சங்கத்தின் தொடர்பு அதிகாரி தெரிந்தாள். நடுத்தர வயது, பின்னால் சுவர் முழுக்கப் பறவைப் படங்கள், கையில் வாத்து போட்ட கோப்பை. ஓரத்தில் ஒரு கிழவர் நாற்காலியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"அவர் எங்க பொருளாளர். கேட்டுக்கிட்டுத்தான் இருக்கார்," என்றாள் அதிகாரி. "தலைப்பு ரொம்ப நல்லா இருக்கு மேடம். கொஞ்சம் நீளம். மரம்னு வந்துட்டதால ஒரு சின்னப் படிவம். மரம் ஏறுகிறவங்களுக்குக் காப்பீடு எடுக்கணும்."

"எங்கள்ல யாரும் மரம் ஏற மாட்டோம்."

"புரியுது. ஆனா படிவத்துல 'எத்தனை பேர்'ங்கற இடத்துல பூஜ்யம் போட்டா கணினி ஏத்துக்காது. ஒண்ணுன்னு போடுங்க. அப்புறம் மேடம், கேக்கணும்னு இருந்தேன். நத்தை வழியை எப்படி ஞாபகம் வெச்சுக்குது?"

அவள் விளக்கத் தொடங்கினாள். அதிகாரி வேகவேகமாக எழுதிக்கொண்டாள். ஒவ்வொன்றையும் இப்படி எழுதிக்கொள்கிறார்களே, நத்தையில் ஏதோ குற்றம் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. சின்ன வயதில், கையெழுத்துப் போடும் முன் அப்பா எதற்கு, யாரோடு, எப்போது திரும்புவாய் என்று கேட்பாரே, அந்தக் குரல் காதில் கேட்டது. பதிலைச் சுருக்கிக்கொண்டாள்.

மரம் ஏறுபவராகக் கணக்கர் நியமிக்கப்பட்டார்.

"எனக்கு ஸ்டூல் மேல ஏறினாலே தலை சுத்தும்."

"நீங்க ஏற வேண்டாம். ஏறுறவர்னு இருந்தாப் போதும்," என்றார் கணவர். முப்பது வருடத்துக்குப் பிறகு கையில் ஒரு காப்பீட்டுப் படிவம் கிடைத்ததில் அவர் பத்து வயது குறைந்து காணப்பட்டார்.

படிவத்துக்கு உடல்தகுதிச் சான்று வேண்டும். கைக்கெட்டிய மருத்துவர் பல் டாக்டர்தான். அவள் தனக்குத் தெரியாததை எழுதமாட்டேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டு, தெரிந்ததை எழுதினாள்: 'இவரது பற்கள் உறுதியாக உள்ளன. அவசியம் நேர்ந்தால் கிளையைக் கவ்விப் பிடிக்க இயலும்.'

சான்று ஏற்கப்பட்டது. ஆனால் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் வேறொன்று தலைதூக்கியது. ஆலோசனைக் குழுவில் இயக்குநரின் உறவினர் எவரும் இருக்கக் கூடாது. இருந்தால், உறவை நீக்க எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன?

கணவர் அன்று மதியமே வெள்ளைத் தாளில் எழுதி, முத்திரை குத்தி, மனைவியிடம் நீட்டினார்.

'பெறுநர்: இயக்குநர், நத்தை ஆய்வகம். பொருள்: கணவர் பொறுப்பிலிருந்து விலகுதல். ஐயா/அம்மையீர், திட்டக் காலம் முடியும்வரை, அலுவலக நேரத்தில் மட்டும், மேற்படிப் பொறுப்பிலிருந்து என்னை விடுவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

"என்னது இது?"

"உறவை நீக்கிட்டேன், மேடம்."

"விளையாடறீங்களா?"

"அலுவலக நேரத்துல நான் விளையாடறது இல்ல, மேடம். பெற்றுக்கொண்டேன்னு ஒரு கையெழுத்து."

அவள் போட்டாள். அன்றிலிருந்து காலை ஒன்பதரைக்கு அவர் 'மேடம்' சொல்லத் தொடங்கி, மாலை ஐந்தரைக்கு நிறுத்தினார். நடுவில், "மேடம், சாப்பாடு ஆறுது," என்பார். முப்பது வருடத்தில் அவர் இவ்வளவு மரியாதையாகச் சாப்பிடக் கூப்பிட்டதில்லை என்பதை அவள் கவனிக்காமல் இல்லை. சொல்லப்போனால், ஐந்தரை மணி அடிக்கும்போது அவளுக்குச் சற்று வருத்தமாகக்கூட இருந்தது.

மழைக்கு மூன்று வாரம்.

சங்கத்திலிருந்து அடுத்த கடிதம் வந்தபோது கணக்கர்தான் முதலில் கவனித்தார். மேலே கொக்கு சிறுத்திருந்தது. முன்பு கட்டைவிரல் அளவு இருந்தது, இப்போது எறும்பளவு.

"மை மிச்சம் பண்றாங்களோ?"

"கோபமா இருக்காங்க," என்றாள் அவள்.

"கொக்கு சின்னதாப் போனா கோபமா?"

"அவங்க அடையாளத்தை நமக்குக் கொடுக்கப் பிடிக்கல. கொஞ்சம் கொஞ்சமா விலகறாங்க."

கடிதமும் விசித்திரமாக இருந்தது. நத்தை ஒருமுறைக்கு எத்தனை முட்டை இடும், நத்தைக்குப் பல் உண்டா, நத்தைகள் முக்கியம் என்பதை மூன்று வாக்கியத்தில் எளிமையாகச் சொல்ல முடியுமா என்று வரிசையாகக் கேட்டிருந்தார்கள்.

"இது விசாரணை," என்றார் கணவர். "எங்க ஆபீஸ்ல இழப்பீடு கொடுக்க இஷ்டம் இல்லேன்னா இப்படித்தான் கேப்போம், மேடம். செத்தவருக்குச் செருப்பு அளவு என்னன்னு."

நத்தைக்குப் பல் உண்டு, ஆயிரக்கணக்கில் உண்டு என்று அவள் எழுதி அனுப்பினாள். அதைக் கேள்விப்பட்ட பல் டாக்டர் அன்று முழுவதும் வேலையில் மனம் ஒட்டாமல் இருந்தாள்.

இரண்டாம் அழைப்பில் அதிகாரியின் பின்னால் இருந்த சுவர் வெறுமையாக இருந்தது. பறவைப் படங்கள் இருந்த இடங்களில் வெளிறிய சதுரங்கள். வாத்துக் கோப்பை திருப்பி வைக்கப்பட்டிருந்தது. பொருளாளர் வழக்கம்போலத் தூங்கினார்.

"வெள்ளையடிக்கறீங்களா?" என்றாள் அவள்.

அதிகாரி தடுமாறினாள். "எங்க பக்கம் ஒரு வேலை நடக்குது மேடம். முடியற வரைக்கும் வெளிய சொல்லக் கூடாதுன்னு வக்கீல் சொல்லியிருக்கார். நீங்க ஒண்ணும் நினைச்சுக்காதீங்க."

நினைத்துக்கொள்ளாதே என்று சொன்னபிறகு நினைக்காமல் இருப்பவர் யார்? அழைப்பு முடிந்ததும் ஆலோசனைக் குழுவின் மூவரும் அவளைப் பார்த்தார்கள்.

"கை கழுவறாங்க," என்றார் கணக்கர். முதல்முறையாக அவர் முகம் மலரவில்லை. "போன வாரம் கேட்டாங்களே, மரம் ஏறுறவர் வேலை செய்யற புகைப்படம். அதை உடனே அனுப்பிடலாம். நாம நெசமாவே பறவைப் பக்கம்தான்னு நம்பட்டும். நான் ஏறறேன்."

அவள் கணக்கரை நிமிர்ந்து பார்த்தாள். வாரத்தில் மூன்று நாள் வருகிற மனிதர்.

நீரேற்று நிலையத்தின் பின்னால் இருந்த மரத்தில், தரையிலிருந்து ஆறடி உயரத்துக் கிளையில், கணக்கர் ஏறி உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். "கண்ணைத் திறந்து பறவையைப் பாருங்க," என்று கீழிருந்து கணவர் கத்தினார். "பறவை என்னைப் பார்க்கட்டும்," என்றார் கணக்கர். படம் எடுத்தாயிற்று. அதற்குமேல் அவரால் இறங்க முடியவில்லை. பெயர்ப் பலகை எழுதுபவரிடமிருந்து ஏணி வந்து சேர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் பல் டாக்டர் கீழே நின்று, கவ்விக்கொள்ளுங்கள், பயப்படாதீர்கள் என்று தைரியம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

படத்துக்கு மறுநாளே பதில் வந்தது. இந்தமுறை மேலே கொக்கே இல்லை. வெற்றிடம்.

'புகைப்படம் கிடைத்தது. மனம் நெகிழ்ந்தோம். ஒரு சிறு ஐயம்: இடப்பக்கம், அடிமரத்தில், ஐயாவின் செருப்புக்கு அருகில் இருப்பது நத்தையா?'

கணவர் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தார். நத்தைதான். எண் போடாத, யாரும் அழைக்காத நத்தை.

"மாட்டிக்கிட்டோம்," என்றார். "இவ்வளவு பெரிய ஆளை மரத்து மேல உக்கார வெச்சிருக்கோம், அவங்க கண்ணுக்கு நத்தைதான் தெரியுது பாருங்க, மேடம். இனிமே நத்தைங்கற பேச்சே எங்கயும் இருக்கக் கூடாது."

அன்று மாலை ஆலோசனைக் குழு கூடியது. ஒரு மணி நேரத்தில் தீர்மானம் தயாரானது. நத்தை ஆய்வகம் என்ற பெயர் சிறுபறவை ஆய்வகம் என்று மாற்றப்படும். நோக்கம் மாற்றப்படும். நத்தை தொடர்பான பணிகள் கைவிடப்படும். இயக்குநர் கையெழுத்திட்டதும் பதிவு அலுவலகத்துக்குப் போகும்.

"பேருக்குத்தான்க்கா," என்றாள் பல் டாக்டர் தணிந்த குரலில். "பணம் வந்ததும் நத்தையும் பார்க்கலாம்."

"பார்க்க முடியாது டாக்டர்," என்றார் கணக்கர். கணக்கு விஷயத்தில் அவருக்குப் பொய் சொல்ல வராது. "எந்த வேலைக்கு வாங்கறமோ அதுக்குத்தான் செலவு பண்ணணும். ஒவ்வொண்ணுக்கும் கணக்கு எழுதணும். அதுக்குத்தானே பொறுப்பாளர்னு ஒருத்தர்."

"மழைக்குப் பத்து நாள்தான் இருக்கு, மேடம்," என்றார் கணவர். மணி ஆறாகியிருந்தது. அலுவலக நேரம் முடிந்தும் அவர் மேடம் என்றதை அவள் கவனித்தாள். பயந்திருக்கிறார்.

தீர்மானத்தின் நகலைச் சங்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மூலத்தை அவள் கைப்பையில் போட்டுக்கொண்டாள். நாளைக்குப் போடுகிறேன் என்றாள். நாளை வந்தது. பேனாவில் மை இல்லை என்றாள். கணவர் நான்கு பேனா கொண்டுவந்தார். மேசை ஆடுகிறது என்றாள். கணக்கர் மேசைக்காலுக்கு அட்டை மடித்து வைத்தார். பிறகு அவளுக்குச் சாக்குச் சொல்லத் தெரியவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் நடந்து போய்விட்டாள்.

சுவர் காய்ந்து கிடந்தது. இருபது மீட்டர் தள்ளி அவள் எப்போதும் நத்தைகளைக் கொண்டு விடுகிற இடத்தில் நின்று, இங்கிருந்து அந்தச் சுவர் ஒரு நத்தைக்கு எப்படித் தெரியும் என்று பார்த்தாள். தெரியவே தெரியாது. அதற்குக் கண்ணில் வெளிச்சம் இருட்டு தவிர அதிகம் தெரியாது. நடுவில் ஒரு சாக்கடை மூடி, ஒரு சைக்கிள் தடம், உதிர்ந்த சுண்ணாம்பு. போன வருடம் 47 பத்தொன்பது நாள் எடுத்துக்கொண்டது. சாக்கடை மூடியின் விளிம்பில் மூன்று நாள் அசையாமல் இருந்தது. செத்துவிட்டது என்று கணக்கர் சொன்னார். நான்காம் நாள் கிளம்பிவிட்டது.

அதன் மனதில் அந்த மூன்று நாளும் என்ன ஓடியிருக்கும் என்று அவள் பலமுறை யோசித்ததுண்டு. அறிவியலில் அப்படி யோசிக்கக் கூடாது. யோசிப்பாள்.

இரண்டு நாள் கழித்து மதியம் மூன்று மணிக்கு மூன்றாம் அழைப்பு. வெளியே மேகம் இறங்கி அறை இருண்டிருந்தது. கணவர் விளக்கைப் போட்டார். கணக்கரும், துளைப்பானைக் கையிலேயே வைத்திருந்த பல் டாக்டரும் பின்னால் நின்றார்கள். மேசைமேல் கையெழுத்தில்லாத தீர்மானம். அதன்மேல் நான்கு பேனா.

திரையில் அதிகாரியின் கண்கள் சிவந்திருந்தன. பின்சுவர் இன்னும் வெறுமைதான். கீழே, வைப்பதா எடுப்பதா என்று தெரியாமல் வைத்ததுபோல, சட்டமிட்ட படங்கள் திருப்பிச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. பொருளாளர் தூங்கினார்.

"தீர்மானம் கிடைச்சுது மேடம். வாழ்த்துகள்." வாழ்த்துபவள்போல அவள் குரல் இல்லை. "அறக்கட்டளை எல்லாத்துக்கும் சரின்னு சொல்லிட்டாங்க. இன்னிக்கே அனுப்பிடலாம். எங்க வக்கீல் ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கறார்."

"சொல்லுங்க."

"ஒரு உறுதிமொழி. ஒரு வரிதான். 'இனி எக்காலத்திலும் நத்தைகளின் பக்கம் திரும்பமாட்டோம்.' அதுல நீங்க கையெழுத்துப் போட்டுட்டா, எங்க குழு சாயங்காலம் கூடி மீதியை முடிச்சுடும். இன்னொரு தடவை மாத்தற தெம்பு எங்களுக்கு இல்ல மேடம், தப்பா எடுத்துக்காதீங்க."

கணவர் ஒரு பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அவள் பக்கம் நீட்டினார். முகத்தில் கெஞ்சல். அவருக்கும் அந்தச் சுவர் எட்டு வருடப் பழக்கம். மழையில் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றவர்.

சன்னல் கம்பியில் டப்பென்று ஒரு துளி விழுந்தது. பிறகு இன்னொன்று. மழை பத்து நாள் பொறுக்கவில்லை. மண் வாசனை அறைக்குள் வந்தது.

அவள் திரும்பித் தட்டைப் பார்த்தாள். 47-இன் ஓட்டு வாயில் ஒட்டியிருந்த காகிதச் சவ்வு ஓரத்தில் கிழிந்திருந்தது. உள்ளேயிருந்து ஈரமாக எதுவோ நீண்டு, காற்றைத் தொட்டுப் பார்த்து, நின்றது.

இந்தப் பேனாவை வாங்கிக்கொண்டால் எல்லாம் கிடைக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. அறை, ஆட்கள், கணக்கரின் சம்பளம், அலுவலக நேரத்து மரியாதை. அந்தச் சுவர் மட்டும் கிடைக்காது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. அப்பாவிடம், அண்ணனிடம், வழிகாட்டியிடம் சொல்லத் துணியாத ஒரு சொல், இத்தனை வருடம் நடந்து இப்போதுதான் வாய்வரைக்கும் வந்து சேர்ந்திருந்தது. அவ்வளவுதான்.

பேனாவை மெல்ல வாங்கி, மூடியைப் போட்டு, மேசைமேல் வைத்தாள்.

"மாட்டேங்க," என்றாள். "உங்க பேர்ல எனக்கு வருத்தம் இல்ல. நீங்க நல்லபடியாத்தான் நடந்துக்கிட்டீங்க. ஆனா நத்தை பக்கம் திரும்பமாட்டேன்னு நான் கையெழுத்துப் போடமாட்டேன். இதுலயும் போடல." தீர்மானத்தை இரண்டாக மடித்து ஈரச் சாக்குக்கு அடியில் வைத்தாள். "மழை வந்துடுச்சு. எனக்கு வேலை இருக்கு."

கணவர் என்ன நினைத்தாரோ, மூலையிலிருந்த குடையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அதிகாரி வாத்துக் கோப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள்.

மூன்று அழைப்புகளில் ஒருமுறையும் கண் திறக்காத பொருளாளர் கண் திறந்திருந்தார்.

"அப்பாடா," என்றார் அவர், "இந்தம்மாவோட நத்தைக்காக நாப்பது வருஷப் பறவைச் சங்கத்தைப் போன வாரம்தான் நத்தை நலச் சங்கம்னு மாத்திப் பதிவு பண்ணோம், இவங்க பறவைக்குப் போயிட்டாங்களேன்னு இன்னிக்குச் சாயங்காலம் அழுதுக்கிட்டே திரும்பவும் கொக்காகறதா இருந்தோம்."